விபத்து என்று எழுதப்பட்ட கொலை

துப்பறியும் படங்களில் கொலையாளி யார் என்பது கடைசிக் காட்சி வரை தெரியாது. தெரிந்துவிட்டால் படம் முடிந்துவிடும். ஆனால் ஆட்சியில் இருப்பவர்களின் ஊழலையும், அதை அவர்கள் மூடி மறைப்பதையும் பற்றிய படங்களில் நிலைமை நேர்மாறு. செய்தது யார், செய்யச் சொன்னது யார், பணம் கொடுத்தது யார் என்பதெல்லாம் பாதிப் படத்திலேயே தெரிந்துவிடும். சில படங்களில் முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையில் படம் ஆரம்பிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழே ஒருவரிடம் கையெழுத்து வாங்க முடியுமா? இவ்வளவுதான் கேள்வி. இந்தச் சின்னக் கேள்விக்காகப் பார்ப்பவர்கள் இரண்டு மணி நேரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் என்று 'இசட்' படத்தைச் சொல்லலாம். 1969-ல் வெளிவந்தது. இயக்கியவர் கோஸ்டா காவ்ராஸ். கிரேக்க நாட்டில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். படம் தொடங்கும்போதே ஓர் அறிவிப்பு வரும. சாதாரணமாக எல்லாப் படங்களிலும், இதில் வரும் சம்பவங்களும் பாத்திரங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடவில்லை என்று போடுவார்கள் அல்லவா? இந்தப் படத்தில் அது தலைகீழாக இருக்கும். உண்மைச் சம்பவங்களோடும், உயிரோடு இருப்பவர்களோடும் இறந்தவர்களோடும் ஒற்றுமை தெரிந்தால் அது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே செய்ததுதான் என்று இயக்குநரும் கதாசிரியரும் கையெழுத்தே போட்டிருப்பார்கள். ஆனால் நாட்டின் பெயரை மட்டும் படத்தில் எங்கும் சொல்லமாட்டார்கள். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு ஐரோப்பாவில் பேப்பர் படிக்கிற எவருக்கும் அது கிரீஸ் என்று தெரியும்.

படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நடந்த கதையைப் பார்த்துவிடுவது நல்லது.

கிரிகோரிஸ் லம்பிராக்கிஸ் ஒரு டாக்டர். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவம் கற்பித்தவர். அதற்கும் முன்னால் அவர் ஒரு விளையாட்டு வீரர். நீளம் தாண்டுதலில் அவர் வைத்த தேசிய சாதனையை 23 வருடங்கள் யாராலும் முறியடிக்க முடியவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். 1961 தேர்தலில் இடதுசாரிக் கட்சியின் ஆதரவோடு பிரேயஸ் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். ஆனால் அவர் கம்யூனிஸ்ட் அல்ல. அணுகுண்டு வேண்டாம், போர் வேண்டாம் என்று பேசியவர். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

அது ஏன் குற்றமானது என்று கேட்கலாம். கிரீஸில் 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இடதுசாரிகள் தோற்றார்கள். போர் முடிந்தும் அது முடியவில்லை என்பதுதான் உண்மை. ஒருவர் அரசு வேலைக்குப் போக வேண்டுமா, மேல்படிப்புக்குப் போக வேண்டுமா, லைசென்ஸ் எடுக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் போலீஸிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். சமூகக் கருத்துச் சான்றிதழ் என்பது போன்ற ஒரு பெயர் அதற்கு. இவர் நல்லவர், இவர் குடும்பத்தில் இடதுசாரிகள் கிடையாது என்று போலீஸ் எழுதித் தர வேண்டும்! அப்பாவோ மாமாவோ தவறான பக்கத்தில் இருந்திருந்தால் பிள்ளையின் கதை முடிந்தது. கோஸ்டா காவ்ராஸின் அப்பா ஜெர்மானியரை எதிர்த்து இடதுசாரிகளோடு நின்றவர். அதனால்தான் மகனுக்குச் சொந்த நாட்டில் கல்லூரிக் கதவு மூடப்பட்டு, அவர் பாரிஸுக்குப் போனார். அவருக்கு அன்று ஒரு சான்றிதழ் கிடைத்திருந்தால் இந்தப் படமே வந்திருக்காதோ என்னவோ.

இந்தச் சான்றிதழ் ஆட்சிக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் இருந்தது. சந்தையில் மூட்டை தூக்குபவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர்கள். இவர்களுடைய லைசென்ஸும் பெர்மிட்டும் போலீஸ் கையில். கூப்பிட்ட நேரத்தில் கூப்பிட்ட இடத்துக்கு வந்து, அடிக்கச் சொன்னவரை அடித்துவிட்டுப் போனால் பெர்மிட் பத்திரமாக இருக்கும். கிரேக்கர்கள் இதை நிழல் அரசு என்ற பொருள்படும் ஒரு சொல்லால் அழைத்தார்கள். சட்டைப் பையில் அடையாள அட்டை இல்லாத போலீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1963 ஏப்ரல் 21. மராத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஓர் அமைதி ஊர்வலம் நடப்பதாக இருந்தது. போலீஸ் தடை போட்டது. வந்தவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போனது. பாராளுமன்ற உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால் லம்பிராக்கிஸ் மட்டும் ஒற்றை ஆளாக, கையில் ஒரு பதாகையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடைசியில் அவரையும் பிடித்தார்கள். அந்த ஒற்றை மனிதரின் புகைப்படம் நாடு முழுவதும் பரவியது. ஓர் ஊர்வலத்தைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, மே 22 அன்று தெசலோனிக்கி நகரில் ஒரு கூட்டத்தில் பேசப் போனார். ஏற்பாடு செய்த அரங்கம் கிடைக்காமல் போய், ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் சின்ன அறையில் கூட்டம் நடந்தது. வெளியே எதிர்ப்பாளர்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரிய அதிகாரிகளும் அங்கே இருந்தார்கள். கூட்டம் முடிந்து அவர் தெருவைக் கடக்கும்போது ஒரு மூன்று சக்கர வண்டி வேகமாக வந்தது. பின்னால் நின்றிருந்த ஒருவன் அவர் தலையில் தடியால் அடித்தான். ஐந்து நாட்கள் நினைவே திரும்பாமல் கிடந்து மே 27 அன்று அவர் இறந்தார். அதே இரவில் ஜார்ஜ் சாருஹாஸ் என்ற இன்னொரு பாராளுமன்ற உறுப்பினரையும் அடித்து நொறுக்கியிருந்தார்கள்.

போலீஸின் முதல் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? சாலை விபத்து!

திட்டம் போட்டவர்கள் கணக்கில் ஓர் ஆளை மறந்திருந்தார்கள். மனோலிஸ் ஹட்சியபோஸ்டோலு என்ற ஒருவர் ஓடும் அந்த வண்டியின் பின்புறத்தில் தாவி ஏறி, அடித்தவனோடு கட்டிப் புரண்டார். அவருக்குப் பிறகு புலி என்றே பெயர் வந்துவிட்டது. வண்டி நின்றது, ஓட்டுநர் பிடிபட்டார். அந்த ஒருவர் தாவாமல் இருந்திருந்தால் வண்டி இருட்டில் மறைந்திருக்கும். விபத்து விபத்தாகவே இருந்திருக்கும். உண்மையைக் காப்பாற்றியது முதலில் ஒரு வழக்கறிஞரோ பத்திரிகையாளரோ அல்ல. ஒரு முரட்டு மனிதரின் ஒரு நொடி ஆத்திரம்தான்.

ஏதென்ஸில் நடந்த இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். சுவர்களில் எல்லாம் ஒரே ஓர் எழுத்து முளைத்தது, இசட். கிரேக்க மொழியில் 'அவர் வாழ்கிறார்' என்று பொருள்படும் சொல்லின் முதல் எழுத்து அது. வசிலிஸ் வசிலிகோஸ் என்ற எழுத்தாளர் வழக்கின் ஆவணங்களை வைத்து எழுதி 1966-ல் வெளியிட்ட நாவலுக்கும் அந்த எழுத்தே பெயரானது, பிறகு படத்துக்கும்.

அப்போதைய பிரதமர் கான்ஸ்டன்டைன் கரமன்லிஸ் செய்தியைக் கேட்டு, இந்த நாட்டை ஆள்வது யார் என்று கேட்டதாகச் சொல்வார்கள். இதைப் பலர் அவருக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. பாவம், அவருக்கே தெரியாமல் நடந்துவிட்டது என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது இன்னும் பயங்கரமான செய்தி அல்லவா? தலைவர் உத்தரவு போட்டுக் கொலை நடந்தால் தலைவரை மாற்றினால் போதும். யாரும் உத்தரவு போடாமலேயே, மேலிடத்துக்குப் பிடிக்கும் என்ற நினைப்பிலேயே கொலை நடக்கிற இடத்தில் யாரை மாற்றுவது?

இந்த விஷயத்தைப் படம் முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறது. அதிகாரிகள் கூட்டம் ஒன்று. விவசாயத் துறையைச் சேர்ந்த ஒருவர் திராட்சைக் கொடியில் வரும் பூஞ்சை நோயைப் பற்றிச் சலிப்பூட்டும் விதத்தில் உரையாற்றுகிறார். எந்தப் பருவத்தில் மருந்து தெளிப்பது, எத்தனை முறை தெளிப்பது என்றெல்லாம். பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். பிறகு போலீஸ் ஜெனரல் எழுந்து அதே பேச்சைத் தொடர்கிறார். நாட்டுக்கும் ஒரு பூஞ்சை நோய் வந்திருக்கிறது, கருத்துப் பூஞ்சை. பள்ளிக்கூடத்திலேயே தெளிக்க வேண்டும், கல்லூரியில் தெளிக்க வேண்டும், பட்டாளத்தில் தெளிக்க வேண்டும்... கொலை செய் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. மருந்து தெளிக்கத்தான் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

லம்பிராக்கிஸாக நடித்தவர் ஈவ் மோந்தான். பெரிய நட்சத்திரம். ஆனால் படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு முன்பே விழுந்துவிடுவார். நாயகன் செத்த பிறகு படத்தை யார் தூக்கிச் செல்வது? கறுப்புக் கண்ணாடி போட்ட ஒல்லியான இளம் விசாரணை நீதிபதி ஒருவர். ழான் லூயி த்ரெந்தின்யான் நடித்தார். 1969 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. இத்தனைக்கும் அவர் படத்தில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்துவதில்லை. முகத்தில் கோபம் கிடையாது, சோகம் கிடையாது. கேள்வி கேட்பார், பக்கத்தில் இருப்பவர் தட்டச்சு செய்வார். அவ்வளவே.

அவர் ஆரம்பத்தில் யார் பக்கமும் இல்லை. இதுதான் படத்தின் உயிர். இடதுசாரிகளைக் கண்டால் அவருக்கும் பெரிய பிரியம் கிடையாது. சாட்சிகள் யாராவது 'கொலை' என்று சொன்னால் உடனே திருத்துவார், 'சம்பவம்' என்று சொல்லுங்கள் என்பார். நிரூபிக்கப்படாத ஒன்றை அந்தப் பெயரால் அழைக்கக்கூடாது என்பது அவர் கற்ற சட்டம். சம்பவம், சம்பவம் என்று படம் முழுக்க இந்தச் சொல் வந்துகொண்டே இருக்கும். மண்டை ஓட்டு முறிவு கீழே விழுந்ததால் வந்தது அல்ல என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வண்டி தற்செயலாக அங்கே வரவில்லை என்று தெரிகிறது. போலீஸார் இருந்த இடம் தெரிகிறது. ஒரு கட்டத்தில் அவரே தன்னையறியாமல் கொலை என்று சொல்லிவிடுகிறார். தட்டச்சு செய்பவரும் பத்திரிகையாளரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் துப்பாக்கிச் சண்டையும் கார்த் துரத்தலும் தராத பரபரப்பை இந்த ஒரு சொல் தந்துவிடுகிறது.

நிஜத்தில் அந்த நீதிபதியின் பெயர் கிறிஸ்டோஸ் சார்ட்செடாகிஸ். அப்போது அவருக்கு வயது 34. அவருடைய அப்பா ஒரு போலீஸ் அதிகாரி! அதாவது சான்றிதழ் கணக்கில் பார்த்தால் மிகச் சுத்தமான குடும்பம். அவரிடம் போனால் வழக்கு எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போய்விடும் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. மேலிருந்து நெருக்கடி வந்தது. அவர் கேட்கவில்லை. போலீஸ் உயர் அதிகாரிகள் மீதே குற்றம் சாட்டினார்.

படத்தில் சாட்சிகள் வரும் பகுதி தனியாகச் சொல்லத் தகுந்தது. நிக் என்று ஒரு தொழிலாளி, சவப்பெட்டி செய்பவர். வண்டி ஓட்டியவன் அன்று காலை தன்னிடம், இன்றைக்கு ராத்திரி பெரிய காரியம் ஒன்று இருக்கிறது, ஓர் ஆள் செத்தாலும் சாகலாம் என்று சொன்னதை இவர் நீதிபதியிடம் சொல்லக் கிளம்புகிறார். வழியில் அவர் தலையிலும் அடி விழுகிறது. கண் திறந்தால் ஆஸ்பத்திரி. கட்டிலைச் சுற்றிப் பெரிய மனிதர்கள். உன்னை யாரும் அடிக்கவில்லை, நீயே தடுக்கி விழுந்தாய், உனக்கு வலிப்பு நோய் உண்டல்லவா என்கிறார்கள். சரி, அதிகாரிகள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அடுத்து அவருடைய அக்காவே வந்து திட்டுகிறாள். உனக்கு எதற்கு இந்த வம்பு, எங்கள் பிழைப்பைக் கெடுக்கவா என்று. அரசாங்கத்தின் மிரட்டலைவிட அக்காவின் வசவுதான் கனமாக இருக்கிறது. மூடி மறைப்பது என்றால் கோப்பைக் கிழிப்பதும் டேப்பை அழிப்பதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் கடைசியில் செய்வது. முதலில் செய்வது சாட்சியின் வீட்டுக்காரர்களைப் பேச வைப்பதுதான். நிக் ஒன்றும் வீரர் அல்ல, அரசியலும் தெரியாது. தன்னை அடித்துவிட்டு, அடிக்கவே இல்லை என்கிறார்களே என்ற ஒரே ரோஷம்தான் அவரைப் பேச வைக்கிறது.

பிறகு வரும் அந்தப் பிரபலமான காட்சி. மார்பு நிறையப் பதக்கங்களோடு அதிகாரிகள் ஒவ்வொருவராக நீதிபதியின் அறைக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரும் மிரட்டுகிறார்கள், நான் யார் தெரியுமா என்கிறார்கள். நீதிபதி தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்கிறார், பெயர்? குடும்பப் பெயர்? தொழில்? ஜேப்படித் திருடனிடம் கேட்கும் அதே மூன்று கேள்விகள். குற்றச்சாட்டைக் கேட்டு வெளியேறும்போது ஒவ்வொருவரும் ஆத்திரத்தில் பூட்டியிருக்கும் தவறான கதவை இழுத்துப் பார்க்கிறார்கள். வெளியே பத்திரிகைக்காரர்கள். தியேட்டரில் இந்த இடத்தில் சிரிப்பும் கைதட்டலும் எழும். எழ வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். ஏனென்றால் அடுத்த இரண்டு நிமிடத்தில் அந்தச் சிரிப்பைப் பிடுங்கப் போகிறார்கள்.

கடைசியில் பத்திரிகையாளர் ஒரு செய்தி வாசிப்பாளர் போல நேராகப் பார்த்து முடிவைச் சொல்கிறார். சாட்சிகள் ஒவ்வொருவராக விபத்தில் இறந்தார்கள். அடித்தவனுக்கும் ஓட்டியவனுக்கும் சில வருடச் சிறை. அதிகாரிகளுக்கு ஒன்றுமில்லை. நீதிபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அப்புறம் பார்த்தால் செய்தி சொன்ன பத்திரிகையாளரே சிறையில். பின்பு புதிய ஆட்சி தடை செய்தவற்றின் நீண்ட பட்டியல் திரையில் ஓடுகிறது. சோபோக்ளிஸ், டால்ஸ்டாய், மார்க் ட்வெய்ன், நீள முடி, குட்டைப் பாவாடை, பீட்டில்ஸ், நவீன கணிதம், இறுதியாக இசட் என்ற எழுத்து.

இது கற்பனை அல்ல. 1966-ல் நடந்த வழக்கில் வண்டி ஓட்டியவருக்கு 11 வருடமும் அடித்தவருக்கு எட்டரை வருடமும் கிடைத்தது. போலீஸ் அதிகாரிகள் விடுவிக்கப்பட்டார்கள். 1967 ஏப்ரல் 21 அன்று ராணுவ கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். லம்பிராக்கிஸ் தனியாக நடந்த அதே ஏப்ரல் 21, நான்கு வருடங்கள் கழித்து! சாருஹாஸை 1968-ல் பிடித்துப் போனார்கள், அவர் உயிரோடு திரும்பவில்லை. சார்ட்செடாகிஸை 1968-ல் வேறு பல நீதிபதிகளோடு வேலையை விட்டு நீக்கினார்கள். 1970 கடைசியில் கைது செய்து சித்திரவதை செய்தார்கள்.

படம் எடுக்கப்பட்ட விதமே ஒரு தனிக் கதை. கிரீஸில் எடுக்க முடியாது. பெரிய தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். படத்தில் பத்திரிகையாளராக நடித்த ழாக் பெரென் தானே தயாரிப்பாளராகவும் ஆனார். அல்ஜீரியா கை கொடுத்தது. ஆறு வருடங்களுக்கு முன்புதான் விடுதலை பெற்றிருந்த நாடு அது. அல்ஜியர்ஸ் நகரின் தெருக்கள் தெசலோனிக்கியாக மாறின. திரைக்கதை எழுதிய ஹோர்ஹே செம்ப்ரூன், ஃபிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து நாடு கடந்து வாழ்ந்தவர். இசை மிக்கிஸ் தியோடோராகிஸ். லம்பிராக்கிஸின் பெயரால் இளைஞர் இயக்கத்தை நடத்தியவர். படம் தயாரானபோது அவர் ஒரு மலைக்கிராமத்தில் ராணுவக் காவலில் இருந்தார். அதனால் அவர் ஏற்கெனவே போட்டிருந்த மெட்டுகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு சர்வாதிகாரம் துரத்தியவர், இன்னொரு சர்வாதிகாரம் கதவடைத்தவர், மூன்றாவதாகச் சிறைக்குள் இருப்பவர் என்று சேர்ந்து எடுத்த படம். சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரையும் படத்தொகுப்புக்கான ஆஸ்கரையும் வாங்கியது. முதல் ஆஸ்கர் அல்ஜீரியாவின் கணக்கில் சேர்ந்தது.

'இசட்' படத்துக்கு நேர் எதிராக வைத்துப் பார்க்க வேண்டிய படம் ஆலன் பக்குலா 1976-ல் எடுத்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்'. வாட்டர்கேட் கதை என்பதால் பலருக்கும் தெரிந்திருக்கும். 1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். இங்கேயும் முதலில் ஒரு சொல்தான் வந்தது. வெள்ளை மாளிகையின் பேச்சாளர் இதை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்றார். அங்கே சாலை விபத்து, இங்கே திருட்டு முயற்சி. சின்னச் சொல்லாகப் பார்த்து எடுத்துப் போர்த்துவதில் எல்லா நாட்டு ஆட்சியாளர்களும் ஒரே மாதிரிதான்.

இந்தப் படத்தில் கொலை இல்லை, அடிதடி இல்லை. இரண்டு நிருபர்கள் போன் பேசுகிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள், காகிதத்தில் குறித்துக்கொள்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்தவர்களின் சீட்டுகளை இருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டும்போது கேமரா மேலே மேலே போய், அந்தப் பெரிய வட்ட மண்டபத்தில் அவர்கள் இரண்டு எறும்புகளாகத் தெரிவார்கள். தேர்தல் நிதிக் கணக்கெழுதிய பெண் ஒருத்தி பேசவும் பயந்து, பேசாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும் காட்சி இன்னும் அருமை. பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வாள். நிக்குக்கு இருந்த ரோஷம்தான் இவளுக்கும். கட்சிக்கு விசுவாசமானவள், ஆனால் தான் எழுதிய கணக்கைப் பொய்யாக்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. மியாமி வங்கியில் திருடர்களில் ஒருவனின் கணக்கில் விழுந்த 25,000 டாலர் காசோலை ஒன்றுதான் அவர்களைத் தேர்தல் நிதி வரை இழுத்துச் செல்கிறது.

ஆனால் இந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. பார்த்து முடித்தவர்கள், இரண்டு நிருபர்கள் சேர்ந்து ஒரு ஜனாதிபதியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். நடந்தது அதுவல்ல. நிக்சன் 1972 நவம்பரில் 50 மாநிலங்களில் 49-ல் ஜெயித்தார். செய்திகள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன! அவரைக் கடைசியில் விழ வைத்தது அவரே பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களும், அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், செனட் விசாரணையும்தான். 1974 ஆகஸ்டில் ராஜினாமா, செப்டம்பரில் அடுத்த ஜனாதிபதியிடமிருந்து முழு மன்னிப்பு. படம் இதையெல்லாம் டெலிபிரின்டர் தட்டும் சில வரிகளில் முடித்துக்கொள்கிறது. நிருபர்களுக்கு இருட்டில் தகவல் சொன்ன ஆள், எஃப்பிஐயின் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்பது 2005-ல்தான் வெளியே வந்தது. தலைமைப் பதவி தனக்குக் கிடைக்காத கோபமும் அவருக்கு இருந்தது. சொல்பவர் உத்தமராக இருந்தால்தான் சொல்வது உண்மையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருந்தால் வாட்டர்கேட் வெளியே வந்தே இருக்காது.

வசிலிகோஸின் நாவல் இந்தியாவுக்கும் வந்தது. திபாகர் பானர்ஜி 2012-ல் எடுத்த 'ஷாங்காய்' இந்திப் படம் அதைத் தழுவியதுதான். சாலை விபத்து அப்படியே இருக்கிறது, மூன்று சக்கர வண்டிக்குப் பதில் லாரி போன்ற ஒரு வண்டி. நீதிபதியின் இடத்தில் ஓர் ஐஏஎஸ் அதிகாரி. அவர் பெயர் கிருஷ்ணன், தமிழர்! அபய் தியோல் நடித்தார். ஆனால் பானர்ஜி ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். இங்கே பெயர், குடும்பப் பெயர், தொழில் என்று கேட்கும் காட்சி கிடையாது. தகவலைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி மேலிடத்தோடு பேரம் பேச வேண்டியிருக்கிறது. ஓர் அதிகாரத்தைக் காட்டி இன்னொன்றைப் பணிய வைக்கிறார். படம் முடியும்போதும் புல்டோசர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 'இசட்' அளவுக்கு வேகம் இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள். வேகம் இல்லைதான். இங்கே கோப்பு அந்த வேகத்தில்தானே நகரும்?

இந்த மூன்று படங்களையும் பார்க்காதவர்கள் 'இசட்' படத்திலிருந்து தொடங்கலாம். முடிவு தெரிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். முன்பே சொன்னது போல, இது முடிவைத் தெரிந்துகொள்வதற்காகப் பார்க்கும் படம் அல்ல.

படத்தில் இல்லாத முடிவு ஒன்றும் உண்டு. 1974 ஜூலையில் கர்னல்களின் ஆட்சி விழுந்தது. பாரிஸில் இருந்த கரமன்லிஸ் திரும்பி வந்து மீண்டும் பிரதமரானார், 1980-ல் ஜனாதிபதியும் ஆனார். சார்ட்செடாகிஸுக்கு நீதிபதி வேலை திரும்பக் கிடைத்தது. 1985 மார்ச்சில் கரமன்லிஸுக்கு ஆளும் சோஷலிஸ்ட் கட்சியின் ஆதரவு இல்லை என்றானதும் அவர் விலகினார். அந்தக் கட்சி ஜனாதிபதி பதவிக்கு நிறுத்திய வேட்பாளர் யார் என்றால், சார்ட்செடாகிஸ். பாராளுமன்றத்தில் மூன்றாவது சுற்றில், தேவையான 180 வாக்குகளை மிகச் சரியாகப் பெற்று ஜெயித்தார். அந்த வாக்கெடுப்பில் வண்ணச் சீட்டுகள் கொடுத்தார்கள், யார் யாருக்குப் போட்டார் என்று வெளியே தெரிந்தது, தற்காலிக ஜனாதிபதியாக இருந்தவர் வாக்களித்ததே செல்லாது என்றெல்லாம் எதிர்க்கட்சி கூச்சல் போட்டது. ஒரு சொல்லைச் சரியாக எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பதவிக்கு வந்த வழியில் இப்படி ஒரு சர்ச்சை! ஐந்து வருடம் ஜனாதிபதியாக இருந்தார். 1990-ல் அவருக்குப் பின் அந்த நாற்காலிக்குத் திரும்பி வந்தவர் மறுபடியும் கரமன்லிஸ்.